கூடைக் கயிறும் கச்சான் வெளிச்சமும்

மலருக்கு எழுத வேண்டும் என்று சங்கத்துப் பெரியவர்கள் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. அசைபடத்துக்குக் கான்செப்ட் ஓவியம் தீட்டும் வழிகளை நம் அங்கத்தவர்களுக்கு அரிச்சுவடியிலிருந்து சொல்லத் தேவையில்லை. வண்ணத்தோடு வண்ணத்தை மோதவிட்ட மேரி பிளேர் வழி, புல்லோரத்து வெயிலையும் கதைக்குள் கொண்டுவந்த கசுவோ ஓகா வழி, 1956இல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்த கிளேர் வீக்ஸிடம் பயின்ற ராம் மோகன் தலைமுறை எல்லாம் தெரிந்தவையே. 2023இல் 'கஜமன்' திரைக்கு வந்தபோது, கமிலஸ் பெரேராவின் கோடு முப்பரிமாணத்தில் எப்படி நிற்கும் என்று நாம் பேசிக்கொண்டதும் நினைவிருக்கும்.

எங்களுக்கு வரையக் கற்றுத்தந்த மாஸ்டர் டைரஸ் வொங்கின் பக்கம். 'பாம்பி' (1942) படத்துக்காக வொங், இலைகளை எண்ணிக்கொண்டிராமல் காட்டின் ஈரத்தைத் தீட்டினார். மாஸ்டர் எங்களை நமுனுகுல மலைச்சரிவில் உட்காரவைத்து, காலைப் பெரட்டு நேரம் தொடங்கி அந்திக்கொழுந்து நிறுக்கும் வரை, தீப்பெட்டி அளவுத் தாள்களில் அதே சரிவையே தீட்டச் சொல்வார். சாயங்காலம் அவற்றை வரிசையாக அடுக்கினால் அதுதான் எங்கள் கலர் ஸ்கிரிப்ட். நிழலுருப் பாடம் காமன் கூத்து ஆடும் பொட்டலில் நடக்கும். கூட்டத்தின் கடைசியில் நின்று, முகம் தெரியாத தூரத்தில், எமன் எவர், வீரபத்திரன் எவர் என்று கோட்டில் காட்ட வேண்டும். அந்தப் பயிற்சிக்கு ஈடாக வேறொன்றை நான் இன்றுவரை காணவில்லை.

இப்போது வரைகிறவர்களில் திறமைசாலிகள் இருக்கிறார்கள். யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் மலையகம் என்றாலே எல்லாப் படத்திலும் ஒரே மூடுபனி ஏன்? ஊவாவில் ஆடி, ஆவணியில் கச்சான் அடிக்கும்போது ஈரம் வற்றி, நமுனுகுலவின் ஒன்பது சிகரங்களும் வெட்டி எடுத்தாற்போல் தெரியும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்த வாசமே அந்தக் காய்ந்த காற்றில் பிறப்பதுதான். அந்த வெளிச்சத்தை எவரும் தீட்டுவதில்லை. லயத்துத் தகரக் கூரை எங்கோ பார்த்த ஓட்டு வீடாகிவிடுகிறது, இஸ்தோப்பைக் காணோம்.

கூடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கொழுந்துக்கூடையைப் பள்ளிக்கூடப் பையைப் போலத் தோளில் மாட்டிவிடுகிறார்கள். அண்மையில் பார்த்த ஒரு தொகுப்பில் ஆறு பெண்கள், ஆறு பேருக்கும் தோள்பட்டையில் வார். கயிறு தலையில் அல்லவா தொங்குகிறது! உச்சியில் மடித்துப் போட்ட துணிமேல் கயிறு இறங்க, பாரம் முழுவதும் கழுத்துக்குப் போகிறது. அதனால்தான் தாடை முன்னே வருகிறது, இடுப்பில் படங்கு கட்டிய உடம்பு சற்றே குனிகிறது, ஏற்றத்தில் அடியெடுத்து வைக்கும் விதமே மாறுகிறது. கயிற்றைத் தோளுக்கு மாற்றினால் அவள் வேறொருத்தி. பிறகு எத்தனை ஆயிரம் பிரேம் அசைத்தாலும் அவள் எங்கள் மலையில் ஏற மாட்டாள்.

என் அம்மாவின் உச்சியில், கயிறு பட்ட இடத்தில், முடி தேய்ந்திருந்தது. மாஸ்டர் அதைக் கவனித்துவிட்டு, அந்த வாரம் முழுக்க என்னை வேறெதுவும் வரைய விடவில்லை.