‘பெசா’ - ஒரு நூலும் ஒரு வினாவும்

இரண்டாம் உலகப் போரின்போது யூதருக்கு அடைக்கலம் அளித்த அல்பேனியர் பற்றி எழுந்த நூல்களுள் பரவலாக அறியப்பட்டது, அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் நோர்மன் கேர்ஷ்மன் 2008இல் வெளியிட்ட ‘பெசா’ ஆகும். கொடுத்த வாக்கைக் காத்தல் என்பது அல்பேனிய மொழியில் இச்சொல்லின் பொருள். வீட்டுக்கு வந்த விருந்தினரின் உயிரைத் தன் உயிரினும் மேலாகக் காக்கும் கடமையும் அதனுள் அடங்கும்.

நூலின் வலிமை அதன் கறுப்பு வெள்ளைப் படங்களிலே தங்கியுள்ளது. காப்பாற்றியோரும் அவர்தம் பிள்ளைகளும் ஆரவாரமின்றி நம்மை நோக்குகின்றனர். ஒளிப்படத் தொழில் பயின்ற ரெஃபிக் வெசெலி என்ற இளைஞர், யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த மண்டில் குடும்பத்தினரைக் குரூயாவிலிருந்த தம் பெற்றோரிடம் அழைத்துச் சென்று மறைத்துவைத்தமை இவ்வரலாற்றின் சிறந்த எடுத்துக்காட்டு. 1987இல் யாத் வாஷெம் நிறுவனம் அவரையும் அவர்தம் பெற்றோரையும் கௌரவித்தது. போருக்கு முன்னர் ஏறத்தாழ 200 யூதரே வாழ்ந்த அல்பேனியாவில், போர் முடிந்தபோது அதனினும் பன்மடங்கினர் இருந்தனர் என்பது ஐரோப்பிய வரலாற்றில் அரிய செய்தியாகும்.

ஆயினும், இவ்வனைத்தையும் ஒரு சொல்லால் விளக்கிவிட முடியுமா? ‘யூதரைக் காத்த முஸ்லிம்கள்’ என்பது நூலின் துணைத்தலைப்பு. காத்தவருள் கிறிஸ்தவரும் இருந்தனர். மேலும், கொசோவோ அல்பேனியரும் பெசாவை அறியாதவரல்லர்; அங்கும் யூதரைக் காத்தோர் உளர். எனினும், பெரும்பாலும் கொசோவோ அல்பேனியரைக் கொண்டு அமைக்கப்பட்ட எஸ்.எஸ். ஸ்கெண்டர்பெக் படைப்பிரிவே 1944 மே மாதத்தில் பிரிஷ்டினாவில் 281 யூதரைக் கைதுசெய்தது. அவருட் பலர் பேர்கன்-பெல்சன் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். வழக்காறு ஒன்றாயிருக்க விளைவு வேறுபட்டமைக்குக் காரணத்தைச் சமூக, அரசியற் சூழலிலே தேடுதல் வேண்டும். யூதரின் பெயர்ப்பட்டியலைக் கையளிக்க அல்பேனிய அதிகாரிகள் மறுத்தமை, அணுகுதற்கரிய மலைக்கிராமங்கள், ஜேர்மனியரை எதிர்த்த கெரில்லாப் படையினரின் செல்வாக்கு ஆகியன இங்குக் கருதத்தக்கன.

சாட்சியங்கள் பதிவான காலமும் கவனத்துக்குரியது. என்வர் ஹோஜாவின் ஆட்சியில் எல்லைகள் மூடப்பட்டன. 1967இல் மதமே தடைசெய்யப்பட்டது. 1991இல் யூதருட் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பின்னரே இக்கதைகள் வெளியுலகில் விரிவாகப் பேசப்படலாயின. அரை நூற்றாண்டு கழித்து, பெரும்பாலும் பிள்ளைகளின் வாய்மொழியாக வந்த நினைவுகளை, ஒரு தேசம் தன்னைப் பற்றி விரும்பும் சித்திரத்திலிருந்து பிரித்தறிவது விமர்சகரின் கடமை.

இவ்வாறு கூறுவது காத்தோரின் பெருமையைக் குறைப்பதாகாது. இனத்தின் இயல்பே அவர்களை இயக்கியது என்றால், அவர்கள் எடுத்த முடிவுக்கு மதிப்பில்லை. மறுக்கவும் காட்டிக்கொடுக்கவும் வழியிருந்த நிலையிலே வெசெலி குடும்பத்தினர் கதவைத் திறந்தனர். பிரிஷ்டினாவையும் உடன்வைத்து இந்நூலைப் படிக்கும்போதுதான் அச்செயலின் முழுப் பெறுமதியும் புலனாகும்.