சத்தத்தை விடுங்கள், தூரத்தைக் கேளுங்கள்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கத்து ஆட்களுக்குச் சத்தம் புதிதில்லை. வெடித்தது லட்சுமி வெடியா, அணுகுண்டா என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடும். ஊரில் பொங்கல் சாட்டிவிட்டால் குழாய் ஸ்பீக்கர் ஓய்வதே இல்லை. அதனால்தானோ என்னவோ, ஹோம் தியேட்டர் வாங்கப் போனால் நம் முதல் கேள்வி "எத்தனை வாட்?" என்பதாகவே இருக்கிறது. கடைக்காரர் பெரிய எண் ஒன்றைச் சொல்லி வால்யூமைத் திருகுகிறார். ஷோகேஸ் கண்ணாடி அதிர்கிறது. பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். ஒரு மாதம் போனதும் வீட்டில் குறை கிளம்புகிறது: "சத்தம் நல்லாத்தான் இருக்கு. என்ன பேசுறாங்கன்னுதான் வெளங்கல."

சரவுண்ட் சவுண்டுக்குக் கொடுக்கும் காசு தூரத்துக்கும் திசைக்கும் கொடுக்கும் காசு. 10க்கு 12 அடி ஹாலில் உட்கார்ந்தபடி, படத்தில் மழை எங்கே பெய்கிறது, யார் எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார், கதவு எவ்வளவு தள்ளிச் சாத்தப்படுகிறது என்று காது சொல்ல வேண்டும். விருதுநகர் பக்கத்து மல்லாங்கிணறு மாதிரியான ஊரில், நடுத்தரக் குடும்பத்தின் பணத்திலேயே இது முடியும். முதலில் காதைப் பழக்க வேண்டும், பிறகு அறையைச் சரிசெய்ய வேண்டும், கடைக்குப் போவது அதற்கப்புறம்.

காதைப் பழக்குவது

திருவிழா இரவில் வாணவேடிக்கை நடக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். வெளிச்சம் முதலில் தெரியும், வெடிச் சத்தம் பிறகு வரும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே 3 நொடி ஆனால் வெடித்த இடம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் தூரம்.

அடுத்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் வெடித்தால் நறுக்கென்று "டப்". தொலைவில் வெடித்தால் மழுங்கிய "தொம்". கூர்மையான ஒலியைக் காற்று வழியிலேயே உறிஞ்சிவிடுவதால் கனமான அதிர்வு மட்டும் மிஞ்சுகிறது. சுவரிலும் கட்டடங்களிலும் மோதித் திரும்பும் எதிரொலி அதோடு சேர்ந்துகொள்கிறது. எந்தப் பக்கம் வெடித்தது என்பதும் தெரிகிறது, ஏனென்றால் ஒலி ஒரு காதுக்கு மற்றதைவிட நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் முந்தி வந்து சேர்கிறது. அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே மூளை திசையைக் கண்டுபிடித்துவிடுகிறது.

இதே பயிற்சியைக் கோயில் வாசலில் நாதஸ்வரக் கச்சேரியிலும் செய்யலாம். மல்லாங்கிணற்றில் பிறந்த எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன், 2018இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சஞ்சாரம்' நாவலில் எழுதியது இந்தக் கரிசல் மண்ணின் நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றித்தான். தவில்காரருக்குப் பக்கத்தில் நின்றால், வலந்தலையில் விரல் கூடுகள் விழும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெறிக்கும். மெல்ல நடந்து தெருமுனைக்குப் போங்கள். அந்தத் தெறிப்பு கரைந்துபோய், தொப்பிப் பக்கத்துக் குச்சி அடியின் அதிர்வு மட்டும் பின்தொடரும். ஒலிக்கலவை செய்பவர் திரையரங்குக்காகச் செய்வதும் இந்த வேலைதான். கூர்மையைக் கூட்டிக் குறைத்து, எதிரொலியைச் சேர்த்து, நேரத்தைத் தள்ளிவைத்துத் தூரத்தை உண்டாக்குகிறார். ஊரில் இதைக் கேட்டுப் பழகிய காது, கடையில் எந்தப் பெட்டி இதைக் காட்டுகிறது, எது மறைக்கிறது என்று சீக்கிரம் கண்டுகொள்ளும்.

5.1 என்பது என்ன

சரவுண்ட் எனும் சுற்றொலியில் தமிழ்த் திரை முன்னால் போனது. 1995இல் வந்த 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். முறையில் ஒலி அமைக்கப்பட்ட முதல் இந்தியப் படமாக அறியப்படுகிறது. அந்த முறையில் இடம், நடு, வலம் மூன்றும் திரைப் பக்கம், சுற்றொலிக்கு ஒரே தடம். அடுத்த ஆண்டே 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியுடன் வந்தது. டி.டி.எஸ். தந்த 5.1 அமைப்பில் சுற்றொலியும் இடம், வலம் என்று இரண்டாகப் பிரிகிறது. இன்று ஓ.டி.டி. படங்களின் விவரத்தில் '5.1' என்று போட்டிருப்பதும் இதுவே.

ஐந்தில் முக்கியமானது நடு ஸ்பீக்கர். வசனத்தில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வருகிறது. பேச்சு புரியவில்லை என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். முன்னால் உள்ள இடமும் வலமும் பாட்டையும் காட்சியின் அகலத்தையும் தாங்குகின்றன. பின்பக்கத்து இரண்டும் மழை, கூட்டம், காற்று ஆகியவற்றுக்கானவை, பல காட்சிகளில் அவை அநேகமாகச் சும்மாவே இருக்கும். 'பின் ஸ்பீக்கர் வேலை செய்யலையே' என்று அதன் வால்யூமைக் கூட்டிவைக்காதீர்கள். புள்ளி ஒன்று என்பது சப்வூபருக்கான தனித் தடம், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கன ஒலிக்கு மட்டும். சப்வூபர் சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. மணம் வர வேண்டும், வாயில் தட்டுப்படக் கூடாது.

எதைப் போட்டுக் கேட்பது

கடைக்காரர் வைத்திருக்கும் டெமோ வீடியோவை நம்பாமல், நீங்கள் நன்றாக அறிந்த படத்தைக் கொண்டுபோங்கள். என் முதல் தேர்வு பார்த்திபனின் 'ஒத்த செருப்பு சைஸ் 7' (2019). திரையில் அவர் ஒருவர் மட்டும்தான். விசாரிக்கும் போலீஸ்காரர்கள் உட்பட மற்ற எல்லோரும் குரலாகவே வருகிறார்கள். ரசூல் பூக்குட்டிக்கும் பிபின் தேவுக்கும் ஒலிக்கலவைக்கான தேசிய விருதைத் தந்த படம் இது. கண்ணை மூடிப் பத்து நிமிடம் கேளுங்கள். அறையில் எத்தனை பேர், யார் எங்கே நிற்கிறார், யார் நடக்கிறார் என்று சொல்ல முடிந்தால் அந்த செட் நல்ல செட். எல்லாக் குரலும் டிவிக்கு அடியில் ஒரே கும்பலாகக் கேட்டால் அடுத்ததைப் பாருங்கள்.

இரண்டாவது, மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002). லட்சுமி நாராயணனுக்கும் எச். ஸ்ரீதருக்கும் ஒலிப்பதிவுக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. மெல்லிய குடும்பப் பேச்சும் போர்க்காட்சியின் வெடிப்பும் ஒரே படத்தில் இருக்கின்றன. பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவில் வால்யூமை வைத்துவிட்டு ரிமோட்டைக் கீழே போடுங்கள். வெடிக் காட்சியில் பதறி ரிமோட்டைத் தேட வேண்டியிருந்தால் சப்வூபர் அளவுக்கு மீறி இருக்கிறது.

கடைகளில் சத்தமாக வைத்துக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. ஒரே தரமுள்ள இரண்டு பெட்டிகளில் கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதே நல்லது என்று காது ஏமாறும். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு வால்யூமைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். குறைந்த சத்தத்திலும் எதில் பேச்சு புரிகிறதோ அதை வாங்குங்கள்.

பாட்டுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. இளையராஜாவின் 'ப்ரியா' (1978) போல ஸ்டீரியோவில் பதிவான பாடல்களுக்கு முன்பக்கத்து இரண்டு ஸ்பீக்கரே போதும். அதற்கு முந்தைய மோனோ பாடல்களை 'ஹால்', 'ஸ்டேடியம்' என்ற பொத்தான்களால் ஐந்து பெட்டியில் பரப்பினால் பாடகரின் குரல் கெட்டுப்போகும்.

வாட் எண்ணைப் படிக்கும் விதம்

அட்டைப்பெட்டியில் 'பி.எம்.பி.ஓ.' என்ற எழுத்தோடு வரும் ஆயிரக்கணக்கான வாட்டைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருப்பதே தொடர்ந்து தரக்கூடிய திறன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண ஸ்பீக்கர் ஒன்று, ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் தரும் என்று வைப்போம். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 80 டெசிபல். வீட்டில் படம் பார்க்கச் சராசரியாக 70 முதல் 75 டெசிபல் தாராளம். ஆக, பெரும்பாலான நேரம் ஒரு வாட்கூடச் செலவாகாது. திடீர் வெடிப்புக்காக 20 டெசிபல் கூடுதல் இடம் விட்டாலும் ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையான 30, 40 வாட் போதும். சத்தம் இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். 50 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் காதில் வித்தியாசம் தெரியாது, விலையில் மட்டும் தெரியும்.

பட்டாசுக்கே நம் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. வீட்டு ஹாலில் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூடப் போக வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

அறைதான் ஆறாவது ஸ்பீக்கர்

காங்கிரீட் தளம், பூசிய சுவர், டைல்ஸ் தரை: நம் ஊர் ஹால் பெரும்பாலும் இப்படித்தான். நடுவில் நின்று ஒரு முறை ஓங்கிக் கைதட்டுங்கள். கையொலி உடனே அடங்காமல் 'ட்ரிங்ங்' என்று ஒரு வால் நீண்டால், அந்த வால் ஒவ்வொரு வசனத்தின் மேலும் ஏறும். இதற்கு விலை உயர்ந்த நுரைப் பலகை தேவையில்லை. தரையில் கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்கு முழு நீளத் திரை, பக்கச் சுவரில் புத்தக அலமாரி, இவை வந்ததும் மறுபடி கைதட்டிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

கூரையையும் பாருங்கள். மேல்நோக்கி ஒலி அனுப்பித் தளத்தில் மோதித் திரும்ப வைக்கும் 'அட்மாஸ்' பெட்டிகள் மட்டமான காங்கிரீட் தளத்துக்கு ஏற்றவை. சரிவான ஓட்டு வீட்டிலோ ஷீட் கூரையிலோ அதற்குக் கொடுக்கும் பணம் வீண். ஷீட் கூரையில் சப்வூபரைக் கூட்டினால் கூரையே தனியாகத் தாளம் போடும்.

எவ்வளவு பணத்துக்கு எது

10,000 ரூபாய்க்குள் என்றால் 5.1ஐ மறந்துவிடுங்கள். அந்த விலையில் ஐந்து நல்ல பெட்டி கிடைக்காது. இரண்டு தரமான ஸ்பீக்கர், அல்லது சப்வூபரோடு வரும் சவுண்ட்பார் போதும்.

20,000 ரூபாய் வரை என்றால், நிஜமான இரண்டு பின் ஸ்பீக்கரோடு வரும் சவுண்ட்பார் செட். 'விர்ச்சுவல் சரவுண்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால் பின்னால் பெட்டி இல்லை என்று அர்த்தம்.

40,000 ரூபாய்க்கு மேல் முடிந்தால், டால்பி சிக்னலைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஏ.வி. ரிசீவரும் தனித்தனி ஸ்பீக்கரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. ரிசீவரும் முன் ஸ்பீக்கர் இரண்டும் முதலில், பிறகு நடு, பிறகு சப்வூபர், பின் ஸ்பீக்கர் கடைசி. பழைய ரிசீவர் நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

உள்ளூரில் அசெம்பிள் செய்துதரும் ரேடியோ மெக்கானிக்குகளிடம் அருமையான கைத்திறன் உண்டு. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரும் போர்டையும் டிரான்ஸ்பார்மரையும் வைத்து, பழுதானால் கையோடு சரிசெய்யக்கூடிய செட்டைக் கட்டித் தருவார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று: டிவியிலிருந்து வரும் டால்பி சிக்னலைப் பிரிக்கும் டிகோடர் உள்ளே இருக்கிறதா? இல்லையென்றால் ஸ்டீரியோவையே ஐந்தாகப் பங்குபோடும் பெட்டிதான் கிடைக்கும்.

எதை வாங்கினாலும் டிவியில் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அது இல்லாவிட்டால் ஆப்டிகல் இணைப்பாவது வேண்டும். புளூடூத்தில் 5.1 வராது.

வைக்கும் முறை

முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ, அதே தூரத்தில் நீங்கள் உட்காருங்கள். பின் ஸ்பீக்கர்கள் காதுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில். நம் வீடுகளில் பாதிப் பேர் பாயில் உட்கார்ந்துதான் படம் பார்ப்போம். டிவியோ சுவரில் உயரத்தில் இருக்கும். அப்படியானால் நடு ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு சின்ன மரக்கட்டையைக் கொடுத்து, முகம் கீழ்நோக்கிச் சாயும்படி வையுங்கள். அலமாரித் தட்டின் உள்ளே தள்ளி வைத்தால் குரல் குடத்துக்குள்ளிருந்து வரும், விளிம்புவரை முன்னால் இழுத்துவிடுங்கள்.

ஒயரில் பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. ஒரு பெட்டியில் மட்டும் மாறிவிட்டால் கன ஒலி மாயமாகிவிடும், குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. அசெம்பிள் செட்டில் வூபர் சந்தேகமாக இருந்தால் ஒயரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ், ஸ்பீக்கரின் பிளஸைத் தொடும்போது கூம்புக் காகிதம் வெளியே தள்ள வேண்டும். உள்ளே போனால் குறி மாறியிருக்கிறது. கூர்மையான ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

சப்வூபருக்கு இடம் பிடிக்க ஒரு வழி உண்டு. 12 அடி நீள அறையில் ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ் ஒலி சுவருக்குச் சுவர் மோதி ஓரிடத்தில் வீங்கும், ஓரிடத்தில் காணாமல் போகும். அதனால் சப்வூபரை முதலில் நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்துப் பாட்டைப் போடுங்கள். பிறகு சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எங்கே அடி ஒலி இரைச்சலில்லாமல் சீராகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வையுங்கள். இத்தனை கனமான ஒலிக்குக் காது திசை பார்க்காது என்பதால் அது பீரோ பக்கத்தில் இருந்தாலும் குற்றமில்லை.

மூன்று மாதம் பொறுங்கள்

சுவரை ஒட்டிச் சுவர் இருக்கும் தெருக்களில் அடி ஒலி பக்கத்து வீட்டுக்கும் போகும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல் என்பது விதி. ரிசீவரில் 'நைட் மோட்' இருந்தால் போட்டுவிடுங்கள். அது வெடிப்பை அடக்கிப் பேச்சைத் தூக்கித் தரும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் வயதானவர்களும் பக்கத்தில் இருக்கிறார்கள் என்ற நினைப்பும் ரசனையில் சேர்த்திதான்.

செட்டை மாட்டியதும் அடுத்தது என்ன வாங்கலாம் என்று யோசிக்காமல், மூன்று மாதம் தெரிந்த படங்களையே கேளுங்கள். அதற்குள் குறை எதுவென்று காதே சொல்லிவிடும். பேச்சு மங்கலாக இருந்தால் அடுத்த பணம் நடு ஸ்பீக்கருக்கு. எல்லாம் கலங்கிக் கேட்டால் திரைக்கும் ஜமுக்காளத்துக்கும். இரண்டும் சரியாக இருந்து, படத்தில் ஒருவர் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசும்போது வீட்டில் யாராவது திரும்பிப் பார்த்தால், பணம் எதற்கும் வேண்டாம், நீங்கள் வாங்கியது சரியான செட்.