அமுதசுரபியும் மூலைக் கடையும்

மணிமேகலையைப் பசிப்பிணி தீர்க்க எழுந்த காப்பியம் என்று போற்றாத தமிழறிஞர் இலர். மேடைதோறும் அமுதசுரபி புகழப்படுகிறது. ஆயினும், அப்பாத்திரத்தை ஏந்தியவள் நின்ற நகரில் பசித்திருந்தோர் யாவர், அவர்கள் ஏன் பசித்திருந்தனர் என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை. எழுப்பினால் அக்காப்பியத்தின் பெருமையும் விளங்கும். அதன் எல்லையும் விளங்கும்.

புகார், கடல்வாணிகத்தால் செழித்த நகரம். பண்டங்கள் குவிந்த அந்நகரிலேயே உலக அறவியில் ஆதரவற்றோர் உணவுக்குக் காத்திருந்தனர். வளமும் பசியும் ஒரே நகரில் வாழ்ந்ததைச் சாத்தனார் மறைக்கவில்லை. அதற்கும் மேலே சென்று, சிறையில் வாடுவோரிடத்தும் மணிமேகலையை அனுப்புகிறார். அரசன் அவளுக்கு வேண்டுவது யாதெனக் கேட்டபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி வேண்டுகிறாள். அரசு தண்டித்தோருக்கும் உணவில் உரிமை உண்டு என்ற இக்கருத்து, இன்றும் பலர் ஏற்கத் தயங்குவது.

ஆனால் பசியின் காரணம் எது என்ற இடத்தில் புலவர் தடுமாறுகிறார். காயசண்டிகையின் தீராப் பசி முனிவர் சாபம். மற்றையோர் துன்பம் பழவினை. ஆபுத்திரன் கதையிலோ மழை பொழிந்து பாண்டிநாடு செழித்ததும் பாத்திரத்தை நாடி வருவார் எவருமில்லை. மழை பெய்தால் விளையும், விளைந்தால் எல்லாரும் உண்பர் என்பது அவர் நம்பிக்கை. விளைநிலத்துக்கும் உண்பவன் வாய்க்கும் இடையே நிற்கும் சந்தையை அவர் காணவில்லை. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் மாண்டோரில் பலர், அரிசி இருந்தும் அதை வாங்க வழியற்றிருந்தோர் என்பதை அமர்த்தியா சென் 1981இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டினார். சாத்தனாரின் நம்பிக்கைக்கு வரலாறு தந்த மறுமொழி அது.

உடையார்கட்டில் இருந்து இதை எழுதுகிறோம். குளத்து நீரில் நெல்லும் மேட்டுநிலத்தில் கச்சானும் மரக்கறியும் விளையும் மண் இது. 2009 ஜனவரியில் அரசு பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த நிலப்பரப்பில் இவ்வூரும் அடங்கியது. அறிவித்த பின்னரும் எறிகணைகள் விழுந்தன. கிழக்கே கடற்கரையை நோக்கி நெருக்கப்பட்ட மக்கள், அவ்வாண்டு மே மாதம்வரை கஞ்சிக்கு வரிசையில் நின்றனர். ஊருக்கே நெல் விளைவித்தவன் கையில் வெறுங்கலம்! மழை பொய்த்ததாலோ பழவினையாலோ வந்த பசியன்று அது. மனிதர் இழைத்த பசி.

போர் ஓய்ந்த பின் பசி வேறு உருவெடுக்கிறது. இங்கே தோட்டக்காரன் மலிவாக விற்ற கத்தரிக்காய், தரகர் கையும் லொறியும் மொத்தச் சந்தையும் கடந்து கொழும்புக்குச் செல்லும்போது விலை ஏறிவிடுகிறது. கொட்டாஞ்சேனையிலும் வனாத்தமுல்லையிலும் நெருங்கிய குடியிருப்புகளில் வாழும் அன்றாடக் கூலிக்காரர் அதை மூலைக் கடையில் ஒரு நேரக் கறிக்கு அளவாக வாங்குகின்றனர். சிறுகச் சிறுக வாங்குவோரே கூடிய விலை கொடுக்கின்றனர். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. ஓராண்டுக்குள் உணவின் விலை ஏறத்தாழ இருமடங்காயிற்று. முட்டையும் மீனும் கீரையும் தட்டிலிருந்து மறைய, பாணும் சம்பலும் எஞ்சின.

இந்நிலையில், ஏழைகளுக்குச் சத்துணவு பற்றிய அறிவு போதாது என்று உபதேசிக்கும் கட்டுரைகள் பெருகியுள்ளன. அவற்றை எழுதுவோரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் தன் குழந்தைக்குக் கீரை நல்லதென்பதை எந்தத் தாய் அறியாள்? அவள் அறியாதது, அன்றைய கூலியில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் போக எஞ்சும் காசில் அதை வாங்கும் வித்தையையே! பழவினை என்று அன்று சொன்னதை அறியாமை என்று இன்று சொல்கிறார்கள். பழி விழுவது அன்றும் இன்றும் பசித்தவன் மேல்தான்.

இதற்கு மாறான பாடம் நம் நாட்டிலேயே உண்டு. 1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது; பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் மக்கள் ஹர்த்தாலில் இறங்கினர். சிலர் உயிர் கொடுத்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அன்று மக்கள் கேட்டது பிச்சையன்று, நியாய விலை.

அமுதசுரபியை நாம் இகழவில்லை. பசித்தவன் முன் கஞ்சி ஊற்றும் கை எக்காலத்தும் வணங்கத்தக்கதே. ஆயினும் அப்பாத்திரம் ஒருத்தியின் கையில் இருக்கும்வரை அது அருள். நியாய விலைக் கடையாகவும் பள்ளி மதிய உணவாகவும் ஊர்தோறும் நிலைபெறும்போதே உரிமை. இக்காப்பியத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், பாத்திரத்தின் அற்புதத்தோடு நின்றுவிடாமல், அது ஏன் தேவைப்பட்டது என்று மாணவரைக் கேட்கச் செய்தல் வேண்டும். விளைவிப்பவனும் உண்பவனும் ஒருங்கே ஏமாறும் சந்தையைத் தன் பொருளாக்கும் எழுத்தே, சாத்தனார் நிறுத்திய இடத்திலிருந்து மேற்செல்லும் எழுத்தாகும்.