ஸ்பிண்டிலை மாற்றினால் போதுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலியைத் தாண்டித் தெற்கே செல்பவர்கள், மாமல்லபுரம் நெருங்க நெருங்கக் கல் அறுக்கும் கிரைண்டர்களின் ஓசையைக் கேட்டிருப்பீர்கள். உளியும் சுத்தியலும் மட்டுமே ஒலித்த பட்டறைகளில் மின்சாரம் புகுந்து வெகு காலமாகிவிட்டது. அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்த இளைஞர் ஒருவர், என்னிடம் இயற்பியல் படித்தவர், நெம்மேலியில் தம் வீட்டுத் திண்ணையில் ஒரு சிறிய சி.என்.சி. ரவுட்டர் வைத்திருக்கிறார். கணிப்பொறியில் வரைந்த கோட்டைப் பின்பற்றி, மூன்று அச்சுகளில் நகர்ந்து, பலகையைக் குடையும் இயந்திரம் அது. தச்சர்கள் கையில் பிடித்து வேலை செய்யும் டிரிம்மர் ஒன்றை அதில் பட்டி போட்டுக் கட்டி, வேம்பிலும் தேக்கிலும் பெயர்ப்பலகைகள் செய்து கொடுக்கிறார்.

அண்மையில் அவர் ஒரு விளம்பரத் தாளுடன் வந்தார். நீரால் குளிர்விக்கும் ஸ்பிண்டில், 2.2 கிலோவாட், நிமிடத்துக்கு 24,000 சுற்று, கூடவே டிரைவ். "ஸார், இதைப் போட்டால் மூன்று மடங்கு வேகமாக வெட்டலாமாம். வாங்கட்டுமா?" என்றார். விலை அவருடைய இரண்டு மாத வருமானம்.

தாளில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வாங்குபவர் அறிய வேண்டியதில் பாதி அதில் இல்லை. இத்தகைய இயந்திரங்களைப் பற்றித் தமிழில் வரும் செயல்விளக்கப் படங்கள் பலவற்றையும் பார்த்தேன். அவையும் இருக்கிற பாதியைத்தான் உற்சாகமாகத் திருப்பிச் சொல்கின்றன. விடுபட்ட பாதி பள்ளிப் பாடத்திலேயே இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

2.2 கிலோவாட் என்பது 3 குதிரைத்திறன். வயலில் நிற்கும் 3 குதிரைத்திறன் பம்புசெட் மோட்டாரை ஒருவர் தூக்குவது கடினம். இந்த ஸ்பிண்டிலோ ஏறத்தாழ 5 கிலோ. ஒரு கையில் எடுத்துவிடலாம். இரண்டும் ஒரே திறன் தருவது எப்படி? சுழலும் பொருளின் திறன் என்பது முறுக்குவிசையையும் கோணத் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. பம்பு மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2,880 முறை சுற்றுகிறது. அதன் முறுக்குவிசை 7.3 நியூட்டன்-மீட்டர். ஸ்பிண்டில் 24,000 முறை சுற்றுகிறது. அதன் முறுக்குவிசை 0.88 நியூட்டன்-மீட்டர் மட்டுமே. வேகம் எட்டு மடங்கு கூடியது, முறுக்கு எட்டில் ஒரு பங்காயிற்று.

நெம்மேலி வாசகர்களுக்கு இதே பாடம் கடற்கரையிலேயே இருக்கிறது. 2013 முதல் அங்கே நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் உண்டு. 2024இல் பதினைந்து கோடி லிட்டருக்கு இரண்டாவது நிலையமும் திறக்கப்பட்டது. கடல்நீரைச் சவ்வின் வழியே தள்ள வளிமண்டல அழுத்தத்தைப்போல் அறுபது மடங்கு அளவில் அழுத்தம் வேண்டும். பம்பின் திறன், அழுத்தத்தையும் பாய்வு வீதத்தையும் பெருக்கி வருவது. வயலுக்கு இறைக்கும் தாழ்ந்த அழுத்தப் பம்புகளை எத்தனை கிலோவாட்டுக்கு வாங்கிப் பக்க இணைப்பில் வைத்தாலும் சவ்வின் வழியே ஒரு சொட்டு நன்னீர் வராது. பெருக்குத்தொகையை மட்டும் பார்த்து வாங்கினால் இதுதான் கதி.

இனி நம் இளைஞரின் இயந்திரத்துக்கு வருவோம். அதன் திருகுத் தண்டுகள் நிமிடத்துக்கு 1,500 மி.மீ.க்கு மேல் நகர்த்த மறுக்கின்றன. பிட்டுக்கு இரண்டு வெட்டு விளிம்புகள். ஒவ்வொரு விளிம்பும் 0.1 மி.மீ. தடிப்புள்ள சீவல் எடுக்க வேண்டுமென்றால், 1,500ஐ 0.2ஆல் வகுக்க வேண்டும். விடை 7,500 சுற்று. அவருக்கு வேண்டிய வேகம் அவ்வளவுதான். 24,000 சுற்றில் ஓட்டினால் ஒவ்வொரு விளிம்புக்கும் கிடைப்பது 0.03 மி.மீ. அப்போது விளிம்பு மரத்தைச் சீவுவதில்லை, தேய்க்கிறது. மரம் கருகுகிறது, பிட் மழுங்குகிறது. அவருடைய பலகைகளின் ஓரத்தில் நான் கண்ட கரிக்கோடுகளுக்குக் காரணம் திறன் குறைவன்று, வேக மிகுதி. டிரிம்மர்கள் பெரும்பாலும் 10,000 சுற்றுக்குக் கீழே இறங்குவதில்லை.

சரி, புதிய ஸ்பிண்டிலை 7,500இல் ஓட்டலாமே என்பீர்கள். ஓட்டலாம். ஆனால் முறுக்குவிசை கூடாது, அதே 0.88தான். பெருக்கிப் பாருங்கள்: 690 வாட். 2,200 வாட்டுக்குக் காசு கொடுத்தவர் 690 வாட்டைப் பயன்படுத்துவார். அதுவும் முழுதாகத் தேவைப்படுமா என்பது வேறு கேள்வி. ஒரு வாட்மீட்டரை இணைத்து, டிரிம்மர் வெறுமனே சுழலும்போதும் மரத்தில் இறங்கும்போதும் அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கச் சொன்னேன். வாங்கும் முன் செய்ய வேண்டிய முதல் சோதனை இதுவே. எந்தப் படத்திலும் இதைச் செய்து காட்டக் காணோம்.

எடையையும் மறக்கலாகாது. ஒன்றரைக் கிலோ டிரிம்மருக்காகச் செய்த தாங்கியில் ஐந்து கிலோவைத் தொங்கவிட்டால், மூலைதோறும் அதை நிறுத்தித் திருப்பும் மோட்டார்கள் திணறும், சட்டம் அதிரும், அந்த அதிர்வு பலகையில் அலையலையாகப் பதியும். காசில்லாமல் விறைப்பைக் கூட்ட ஒரு வழி உண்டு. ஒரு முனையில் பிடித்த கம்பியின் வளைவு, நீட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 30 மி.மீ. வெளியே நீட்டியிருக்கும் பிட்டை 20 மி.மீ. ஆக்கினால் வளைவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

இவ்வளவு சொன்னதால் அந்த ஸ்பிண்டில் வீண் என்று எண்ணவேண்டாம். அதில் கார்பன் பிரஷ் இல்லை, தேய்ந்து தீர்வதற்கு. ஓசை மிகக் குறைவு. பக்கத்து வீட்டாருக்கு இது பெரிய சேதி. நல்ல பேரிங் உள்ளதானால் பிட் ஆடாமல் சுழலும். உறுதியான இரும்புச் சட்டமும் வேகமான அச்சுகளும் உள்ளவருக்கு அது தகும்.

டிரைவைப் பற்றித்தான் நான் கண்டிப்பாகப் பேச வேண்டும். வீட்டுக்கு வரும் ஒற்றைக் கட்ட மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, அதை மீண்டும் மும்முனை மின்சாரமாக வெட்டித் தருவது அதன் வேலை. இந்த வகை ஸ்பிண்டில் 400 ஹெர்ட்ஸில் 220 வோல்ட் கேட்கும். 200 ஹெர்ட்ஸில் 110 வோல்ட். 50 ஹெர்ட்ஸில் 27.5 வோல்ட்தான். ஆனால் பல டிரைவ்கள் சாதாரண மோட்டாருக்கென 50 ஹெர்ட்ஸிலேயே 220 வோல்ட் தரும்படி அமைக்கப்பட்டு வருகின்றன. அடிப்படை அதிர்வெண்ணை 400க்கு மாற்றாமல் இயக்கினால், தொடக்கத்தில் எட்டு மடங்கு மின்னழுத்தம் பாயும். இரும்பு உள்ளகம் காந்தத்தால் தெவிட்டிவிடும், மின்னோட்டம் எல்லை மீறும், சுருள் கருகும். எனக்கும் ஒன்று இப்படிப் போயிற்று. கையேட்டில் அந்த எண் இருந்தது. அது எதற்கு என்ற விளக்கம் இல்லை.

அதைவிட அஞ்ச வேண்டியது நிலத்தொடர்பு. மலிவான சில ஸ்பிண்டில்களில் நான்காவது முள் வெறும் முள்ளாகவே இருக்கும். உள்ளே உலோக உடலோடு இணைப்பு இராது. தண்ணீர்க் குழாய் சுற்றிய உலோகம், அருகே ஈரக் கை. மல்டிமீட்டரை எடுத்து உடலுக்கும் அந்த முள்ளுக்கும் இடையே மின்தொடர்ச்சி உண்டா என்று பாருங்கள். இல்லையெனில் இணைத்த பின்பே மின்சாரம் கொடுங்கள். வீட்டிலுள்ள கசிவுக் காப்புச் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிடும்படி யோசனை சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். கடலோரத்தார் உப்புக் கலந்த கிணற்று நீரை அந்தக் குழாயில் விடவும் வேண்டாம். அது உள்ளே அரிக்கும், படியும்.

இளைஞருக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. 2.2 கிலோவாட் வந்தால் கருங்கல்லில் செதுக்கலாமா என்று கேட்டார். 1957இல் தொடங்கிய அரசுச் சிற்பப் பயிற்சி நிலையம் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் இந்த ஆசை எழுவது இயல்பே. கல்லுக்கு வைர முனை வேண்டும், ஓயாத நீர் வேண்டும், அசையாத கனத்த சட்டம் வேண்டும். திண்ணை இயந்திரத்துக்கு அது ஆகாது என்றேன். முகம் சற்று வாடிற்று.

பிட்டை உள்ளே தள்ளிப் பிடித்தார். பாலத்துக்கு ஓர் இரும்புப் பட்டை சேர்த்தார். டிரிம்மரை அதன் மிகக் குறைந்த வேகத்தில் வைத்தார். கரிக்கோடுகள் பெரும்பாலும் மறைந்தன. ஓசைக்காக 800 வாட் ஸ்பிண்டில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார். அதன் நான்காவது முள்ளைச் சோதிக்க என் மல்டிமீட்டரை இரவல் வாங்கிப் போயிருக்கிறார். இன்னும் திருப்பித் தரவில்லை.