சிறுபஞ்சமூலத்தின் நீரறச் செய்யுள் : ஒரு பொருளாராய்ச்சி

காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலம் பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று. ஒவ்வொரு பாட்டிலும் ஐந்து பொருள்களைத் தொகுத்துரைப்பது அந்நூலின் நெறி. அதனுள் நீர்நிலை பற்றிய செய்யுள் ஒன்று உளது. குளந்தொடுதல், கோடு பதித்தல், வழி சீத்தல், உழுதற்குரிய வயலை உண்டாக்குதல், கிணறு அமைத்தல் ஆகிய ஐந்தனையும் செய்தவன் துறக்கம் புகுவன் என்பது அதன் திரண்ட கருத்து. நீர்வளம் பேணுதலைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் அண்மைக்காலத்தில் இச்செய்யுளைப் பெரிதும் எடுத்தாள்கின்றனர். பழந்தமிழர் எல்லாம் அறிந்திருந்தனர் எனப் பாராட்டி அமைவோரே அவருட் பலர். செய்யுட்குப் பொருள் யாது என்னும் வினா பாராட்டிற்கு முற்பட்டது. இவ்வைந்தும் தனித்தனி அறங்களா, அன்றி ஓரறத்தின் ஐந்து உறுப்புக்களா என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பொருள் வேறுபாட்டிற்கு இடமாவன ‘கோடு’, ‘வழி’ என்னும் இரு சொற்கள். கோடு என்பதற்கு மரக்கிளை எனப் பொருள் கொண்டு, குளத்தைச் சூழ மரக்கொம்புகளை நடுதல் என்று உரை கூறுவாரும், வழி என்பதனை மக்கள் செல்லும் பாதையாகக் கொள்வாரும் உளர். அவ்வுரையின்படி குளம் ஓரறம், நிழல் ஓரறம், பாதை ஓரறம், வயல் ஓரறம், கிணறு ஓரறம் என ஐந்தும் தனித்தனியே நிற்கும். மற்றொரு சாரார் கோடு என்பதற்குக் கரை எனவும், வழி என்பதற்கு நீர் செல்லும் கால் எனவும் பொருள் கொள்வர். அவர் கொள்கைப்படி ஐந்தும் ஓர் ஏரியின் அமைப்பைத் தொடர்ந்து கூறுவனவாம்.

முதலுரைக்கு வலிமை இல்லை எனத் தள்ளிவிடுதல் ஆகாது. பதித்தல் என்னும் வினை கொம்பை மண்ணில் ஊன்றுதற்கு இயல்பாகப் பொருந்தும். கிளையை வெட்டிப் போத்தாக நட்டு மரமாக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. நிழல் தருதலும் பாதை செப்பனிடுதலும் அறநூல்கள் போற்றும் செயல்களே. ஐந்து பொருள்களைத் தொகுக்கும் இந்நூலின் பாட்டுக்கள் பலவற்றில் அவை ஒன்றற்கொன்று காரண காரியத் தொடர்பின்றி நிற்றலும் உண்டு. ஆகலின் தொகுப்பு முறை ஒன்றனையே சான்றாக்கி, இவை ஓருறுப்பின என நாட்டுதல் இயலாது.

எனினும் கரை என்னும் பொருளுக்குச் சான்று மிகத் தெளிவாக உளது. திருக்குறளில் சுற்றந்தழால் அதிகாரத்து 523ஆம் குறள், சுற்றத்தாரோடு உள்ளங்கலந்து பழகாதவன் வாழ்க்கையைக் கரையில்லாத குளப்பரப்பில் நீர் நிறைந்ததற்கு ஒப்பிடுகின்றது. ஆண்டுக் குளத்தோடு சேர்ந்து வருஞ்சொல் கோடு என்பதே. கிளை என்னும் பொருள் அவ்விடத்துச் சிறிதும் இயையாது. அறநூல் வழக்கில் குளத்தை அடுத்து நிற்கும் கோடு கரையையே உணர்த்தும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. பதித்தல் என்னும் வினையும் மண்ணை இட்டு அழுத்திக் கரையைத் திண்மை செய்தலைக் குறிக்கத் தடையில்லை.

சொற்சான்றினும் வலியது வைப்புமுறை. குளம், கோடு, வழி, வயல், கிணறு என்னும் வரிசையை நோக்குக. கோட்டைக் கரையாகவும் வழியைக் காலாகவும் கொள்ளின், செய்யுள் நீர் செல்லும் நெறியிலேயே செல்கின்றது. நீர் குளத்தில் வந்து சேர்கின்றது, கரையால் நிற்கின்றது, காலால் புறப்படுகின்றது, வயலிற் பாய்கின்றது, மண்ணுள் ஊறியது கிணற்றில் மீண்டும் கிடைக்கின்றது. ஏரி நிரம்பிய ஆண்டில் அதன் கீழ்ப்புறத்துக் கிணறுகளில் ஊற்றுப் பெருகும் என்பது உழவர் அனைவரும் அறிந்தது. நிழலும் நடைபாதையும் எனக் கொள்ளின், நீர் குளத்தோடு நின்று, இடையே மறைந்து, பின்னர் வயலில் திடுமெனத் தோன்றும். வயலுக்கு நீர் வந்த வழியைச் செய்யுள் கூறாது விட்டதாக முடியும். ஆதலின் இரண்டாம் உரையே ஏற்புடைத்து.

நூற்பெயரும் இதற்கு அரண் செய்கின்றது. கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்னும் ஐந்தன் வேர்களும் கூடியவழியே ஒரு மருந்தாதல் போல, ஐந்து பொருளும் கூடியவழியே ஓரறம் ஆகும் என்னும் உவமையை இந்நூலுள் முழுமையாக நிறைவிப்பது இப்பாட்டு எனலாம்.

நீரையும் நிலத்தையும் பிரியாது நோக்கும் இக்கருத்துக் காரியாசானுக்கு முன்னரும் உண்டு. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைக் குடபுலவியனார் பாடிய புறநானூற்றுப் 18ஆம் பாட்டு, உடம்பு உணவை வேண்டுவது, உணவாவது நிலத்தொடு கூடிய நீர் என்று படிப்படியாக வாதிட்டு, மறுமை, வெற்றி, புகழ் என்னும் மூன்றும் நீரைத் தேக்குவார்க்கே கைகூடும் என முடிக்கின்றது. அப்பாட்டு அரசனை நோக்கியது. சிறுபஞ்சமூலமோ செய்ய வல்லார் எவரையும் நோக்கியது. முன்னது ஏன் செய்தல் வேண்டும் எனக் காரணங் கூறுகின்றது. பின்னது எவற்றைச் செய்தால் வேலை முற்றுப்பெறும் என உறுப்புக்களை எண்ணுகின்றது. இரண்டனையும் ஒருங்கு வைத்துக் கற்றலே முறை.

இனி, இவ்விரு பாட்டும் கூறாதது யாது என்பதனையும் நோக்குதல் கடன். 2000இல் உலக நீர்ப் பங்காண்மை என்னும் அமைப்பு தந்த வரையறை, நீர், நிலம், அவற்றொடு சார்ந்த வளங்கள் ஆகியவற்றை ஒருங்கிணைத்து ஆளுதலோடு, பயன் நடுநிலையாகப் பங்கிடப்படுதலையும் உயிர்ச்சூழல் கெடாமையையும் வேண்டுகின்றது. நீரும் நிலமும் இணைதல் நம் செய்யுட்களில் உண்டு. தலைமடையார்க்கும் கடைமடையார்க்கும் நீர் எவ்வாறு பகுக்கப்படும், ஆண்டுதோறும் கரையைக் காப்பவர் யாவர் என்பன அவற்றில் இல்லை. கரை காப்பாரின்றிக் கெடும் என்பதனைக் கபிலர் அறிந்திருந்தார். பாரி மாய்ந்தபின் பறம்பு நாட்டில் பிறை போல் வளைந்த கரையுடைய சிறுகுளம் உடைந்தழிவதைப் புறநானூற்று 118ஆம் பாட்டில் அவர் இரங்கிக் கூறுகின்றார். காக்கும் முறையை அறியப் பாட்டைவிட்டுக் கல்வெட்டிற்குச் செல்லல் வேண்டும். முதற் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் ஏரி வாரியம் என்னும் குழுவுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தமையைக் கூறுகின்றன. ஏரிப் பணிக்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. செய்யுள் உறுப்பைக் கூற, கல்வெட்டு ஆட்சியைக் கூறுகின்றது. ஒன்று மற்றொன்றன் குறையை நிரப்பும்.

ஒரு சொல்லுக்குக் கிளையோ கரையோ என ஆராய்தல் ஏட்டளவில் நிற்பதன்று. ஐந்தும் தனித்தனி அறம் எனக் கொள்வார்க்கு, குளத்தை மட்டும் தூர்வாரிய அளவில் ஓரறம் நிறைவுறும். ஐந்தும் ஓருடம்பு எனக் கொள்வார்க்கு, வரத்துக்கால் அடைபட்டிருக்க ஏரியை ஆழமாக்குதல் தொண்டை அடைபட்டவனுக்கு வயிற்றைப் பெருக்குதல் போல்வதாம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி குளங்கள் உள. குடிமராமத்து என்னும் பழம்பெயரால் 2017இல் அவற்றைச் செப்பனிடும் பணி மீண்டும் தொடங்கப்பெற்றது. சென்னை 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது. 2019 சூனில் அதன் குடிநீர் ஏரிகள் வறண்டு கிடந்தன. நான்காண்டிற்குள் ஒரே நகர் இரண்டு துன்பமும் உற்றமைக்கு மழையின் மிகுதியும் குறைவும் காரணமே. எனினும் வந்த நீரை நிறுத்தவும் செலுத்தவும் ஊறச் செய்யவும் வேண்டிய உறுப்புக்கள் தொடர்பற்றுப் போனமையும் ஒரு காரணம் என்பதனை மறுத்தற்கில்லை.

ஆகவே, இச்செய்யுளை மேற்கோள் காட்டுவோர் ஐந்தனையும் ஒரு தொடராகவே காட்டுதல் வேண்டும். கரையை மரக்கிளையாக்கி, காலை நடைபாதையாக்கி, பின்னர் அதனையே பண்டைத் தமிழரின் நீரியலறிவிற்குச் சான்றாக்குதல் முன்னுக்குப்பின் முரணாகும். இக்காலக் கொள்கை முழுவதும் அதன்கண் அடங்கியுளது எனக் கூறுதலும் மிகையே. நீர் செல்லும் நெறியில் ஐந்து உறுப்பை முறைபிறழாது வைத்து, அவை ஒருங்கு செய்யப்படும்போதே அறம் முற்றும் எனக் கூறிய அளவே அதன் பெருமை. அவ்வளவே பெரிதும் அமையும் என்பது எம் துணிபு.