கொள்கை உண்டு, கொள்வார் உண்டா?

ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் இலங்கை செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதம். இந்தியா 0.6 வீதத்துக்கு மேல் செலவிடுகிறது. தென்கொரியா 5 வீதத்தை நெருங்கிவிட்டது. விஞ்ஞானக் கொள்கை பற்றிய கொழும்புக் கூட்டங்கள் பெரும்பாலும் இந்த ஒப்பீட்டோடு தொடங்கி, நிதியைக் கூட்டுங்கள் என்ற கோரிக்கையோடு முடிகின்றன. கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் இதே வறிய திறைசேரியிடம் பணம் பெற்ற சில முயற்சிகள் நாட்டின் வாழ்வையே மாற்றியிருக்கின்றன. வேறு சில, நல்ல கட்டடமும் திறமையான ஆய்வாளர்களும் இருந்தும் அறிக்கைகளோடு நின்றுவிட்டன. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் நம் விஞ்ஞானக் கொள்கையை எடைபோட முடியாது.

கொள்கையின் பலத்தை முதலில் சொல்ல வேண்டும். 1955 இல் இலங்கை விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவகம் தொடங்கப்பட்டது. 1998 இல் அது கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகமாக மாற்றியமைக்கப்பட்டது. 1968 இல் தேசிய விஞ்ஞானப் பேரவை, 1974 இல் ஏக்கலையில் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், 1984 இல் ஆதர் சி. கிளார்க் நிலையம் என வரிசை நீள்கிறது. 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய விஞ்ஞான தொழில்நுட்ப ஆணைக்குழுவும் பிறந்தன. 2019 இல் தேசிய புத்தாக்க முகவரகத்துக்கும் சட்டம் வந்தது. ஆட்சிகள் மாறின, கிளர்ச்சிகளும் முப்பது ஆண்டுப் போரும் வந்துபோயின. ஆய்வு நிறுவனங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. இலவசக் கல்வி தந்த ஆளணி அவற்றில் இருந்தது. வளர்முக நாடொன்றுக்கு இது சிறிய சாதனையன்று.

வெற்றிகளும் உண்டு. குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையம் 1950களின் பிற்பகுதியில் எச்-4 இனத்தை வெளியிட்டது. அதன்பின் பிஜி வரிசை இனங்கள் வந்தன. சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில் ஹெக்டேயருக்கு 1.5 தொன் அளவில் இருந்த சராசரி நெல் விளைச்சல் இன்று 4 தொன்னைத் தாண்டி நிற்கிறது. நாட்டின் நெல் வயல்களில் மிகப் பெரும்பாலானவற்றில் விளைவது உள்நாட்டு விஞ்ஞானிகள் உருவாக்கிய இனங்களே. 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் கதையும் இத்தகையதே. ஏற்றுமதித் தேயிலை மீதான செஸ் வரி அதற்குப் பணம் தந்தது. தோட்டங்கள் அதன் கன்றுகளுக்கும் ஆலோசனைக்கும் காத்திருந்தன. வயலில் கேள்வி எழுந்தது, விடை வயலுக்கே திரும்பியது.

சுகாதாரத் துறையிலும் இதே அமைப்பைக் காணலாம். பேராசிரியர் சேனக்க பிபிலேயின் ஆய்வு, எண்ணற்ற வணிகப் பெயர்களுக்குள் மறைந்திருந்த அத்தியாவசிய மருந்துகளை இனங்கண்டு பட்டியலிட்டது. 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அந்தப் பட்டியலின்படி மொத்தமாகக் கொள்வனவு செய்தது. மலேரியா ஒழிப்போ வெற்றியும் எச்சரிக்கையும் சேர்ந்த பாடம். 1963 இல் 17 நோயாளரே பதிவாயினர். கண்காணிப்புத் தளர்ந்ததும் 1960களின் முடிவில் நோய் ஐந்து இலட்சம் பேரைத் தாண்டியது. மீண்டும் இறுக்கிப் பிடித்துப் பல பத்தாண்டுகள் உழைத்த பின்னரே, 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

நான் வாழும் கிருலப்பனையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கிருலப்பனைக் கால்வாயின் நீர் வெள்ளவத்தை, தெஹிவளை வாய்க்கால்கள் வழியாகக் கடலை அடைகிறது. 2010 நவம்பர் மழையில் நாடாளுமன்ற வளாகமே வெள்ளத்தில் மூழ்கியது. 2012 இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய பெருநகரக் கொழும்புத் திட்டம், கால்வாய்களை மட்டும் அகலப்படுத்துவதோடு நிற்கவில்லை. வெள்ளத்தைத் தாங்கும் நீர்த்தொட்டியாக ஈரநிலங்கள் எவ்வளவு பயன்படுகின்றன என்பதும் கணக்கிடப்பட்டது. அதன் விளைவாக 2016 இல் ஈரநில முகாமைத்துவ உபாயம் வந்தது. 2018 இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. சதுப்பு நிலத்தை மண் போட்டு நிரப்பும் பழக்கம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் இங்கே ஆய்வின் முடிவைப் பயன்படுத்தியே ஆக வேண்டிய ஒரு திணைக்களமும், கேள்வி கேட்கும் கடன் வழங்குநரும் இருந்தனர்.

கட்டாயம் இல்லாத இடத்தில் நிலைமை வேறு. கிருலப்பனையைக் கடந்து ஹைலெவல் வீதியில் போகும் பஸ்ஸில் ஏறினால் ஹோமாகமைக்குப் போகலாம். அங்கே பிட்டிபனையில்தான் இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனமான ஸ்லின்டெக் இருக்கிறது. அரசும் பிராண்டிக்ஸ், டயலொக், ஹேலீஸ், லோட்ஸ்டார், மாஸ் ஆகிய ஐந்து கம்பனிகளும் சேர்ந்து 2008 இல் அதைத் தொடங்கின. யூரியாவை மெல்ல மெல்லப் பயிருக்கு விடும் நானோ கலவையை அதன் ஆய்வாளர்கள் உருவாக்கினர். அந்த ஆய்வு 2017 இல் உலகின் முன்னணி நானோ ஆய்விதழ் ஒன்றில் வெளியாயிற்று. காப்புரிமை இந்திய உரக் கம்பனி ஒன்றுக்குக் கைமாறியது. 2021 ஒக்டோபரில் பசளைப் பஞ்சம் முற்றியபோது, இந்தியாவிலிருந்து நானோ நைதரசன் திரவம் விமானத்தில் வந்திறங்கியது. அது வேறு வகைத் தயாரிப்பு என்பது உண்மை. ஆயினும் உள்நாட்டுக் கண்டுபிடிப்பொன்றை உற்பத்தி வரை கொண்டுபோகும் பொறுப்பு எந்த அமைச்சின் மீதும் சுமத்தப்பட்டிருக்கவில்லை என்பதை அந்த விமானம் காட்டிவிட்டது.

அந்த ஆண்டின் பெரிய தோல்வி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியில் தடைசெய்யப்பட்டது. பத்தலகொடை நெல் நிலையமும் தலவாக்கலைத் தேயிலை நிறுவகமும் பேராதனை விவசாய பீடமும் இந்த நாட்டில்தான் இருக்கின்றன. விவசாய விஞ்ஞானிகளும் பொருளியலாளர்களும் பகிரங்கமாக எச்சரித்தனர். நவம்பரில் தடை நீங்குவதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் வீழ்ந்தது, அரிசி இறக்குமதி பெருகியது. அதே வேளை, சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளை மாதிரியில் தீங்கான பற்றீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுநீக்க அதிகாரிகள் கண்டறிந்து, அழுத்தங்களுக்கு மத்தியிலும் அந்த முடிவில் உறுதியாக நின்றனர். பசளை நிராகரிக்கப்பட்டது, ஆனாலும் 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. அந்த அதிகாரிகளின் சொல்லுக்குச் சட்டத்தின் பலம் இருந்தது. மற்ற விஞ்ஞானிகளின் சொல்லுக்கு அது இல்லை. ஒரே அரசுக்குள், ஒரே ஆண்டில் இவ்வளவு வேறுபாடு.

ஆய்வை உற்பத்தியோடு இணைக்காத குறை மூலப்பொருளிலும் தெரிகிறது. போகலை, கஹட்டகஹா சுரங்கங்களின் உயர்தரக் காரீயமும் புல்மோட்டைக் கனிய மணலும் நெடுங்காலமாகப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகின்றன. நம் உற்பத்தி ஏற்றுமதியில் உயர் தொழில்நுட்பப் பொருள்களின் பங்கு ஏறத்தாழ ஒரு வீதமே.

வடக்கு கிழக்கில் இழப்பு இன்னும் ஆழமானது. காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம் என 1950களில் எழுந்த ஆலைகள் சுண்ணக்கல், உப்பு, வைக்கோல் போன்ற உள்ளூர் மூலப்பொருளை நம்பியவை. போர் அவற்றை முடக்கியது. 2014 இல் கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் திறந்தது. அங்கு கற்று வெளியேறுவோர் வேலைக்குக் கொழும்பையோ வெளிநாட்டையோ பார்க்கிறார்கள். கைதடியில் பனை ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவகம் இருக்கிறது. ஆனால் பனையோடு வாழும் குடும்பங்களின் வருமானத்தை அந்த ஆய்வு எந்த அளவு உயர்த்த வேண்டும் என்று தேசியக் கொள்கை இலக்கு வைத்ததில்லை.

பயன்பாட்டை மட்டும் பார்த்தால் அடிப்படை விஞ்ஞானம் அழிந்துவிடும் என்பார்கள். அந்த அச்சம் சரியானது. பல்கலைக்கழக ஆய்வுகளுக்குத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் நிதி, பயன் கேட்காமல், பல ஆண்டுகளுக்கு உறுதியாகக் கிடைக்க வேண்டும். நான் குறை சொல்வது பொருளாதாரத்துக்கென்றே அமைத்த நிறுவனங்களை, பொருளாதாரத்தோடு இணைக்காமல் விட்டதை.

எனவே அடுத்த கொள்கை ஆவணத்தில் நிதி வீதத்துக்கு மேலாகச் சில கடப்பாடுகள் இடம்பெற வேண்டும். விவசாயம், சுகாதாரம், நீர்ப்பாசனம், மின்சக்தி அமைச்சுகள் தமக்கு விடை வேண்டிய கேள்விகளை ஆண்டுதோறும் மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும். உள்நாட்டு ஆய்வில் பிறந்து தரச்சோதனையில் தேறிய பொருளுக்கு அரசே முதல் கொள்வனவாளராக வேண்டும். பயிர்களின் மீது அறவிடும் செஸ் அந்தப் பயிரின் ஆராய்ச்சிக்கே போக வேண்டும். இலட்சக்கணக்கானோரின் வாழ்வாதாரத்தைத் தொடும் எந்த வர்த்தமானிக்கும் முன்னர், உரிய அரச ஆய்வு நிறுவனத்தின் எழுத்துமூல மதிப்பீடு பகிரங்கமாக வெளிவர வேண்டும். அதை மீறும் அமைச்சர் காரணத்தை நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ தேவையில்லை. சட்டமும் அரசியல் துணிவும் போதும். 2022 இல் கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாடு, தன் விஞ்ஞானிகளைக் கேட்காமல் இன்னொரு முறை முடிவெடுக்கும் நிலையில் இல்லை.