எழுதப்படாத அடிமைச் சரிதமும் டானியலின் ‘பஞ்சமர்’ நாவலும்

கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972 ஆம் ஆண்டில் வெளிவந்த காலந்தொட்டு, அதனை யாழ்ப்பாணத்துச் சாதிக்கொடுமையை எடுத்துரைக்கும் முற்போக்கு நாவல் என வகைப்படுத்துதல் நம்மிடையே வழக்காகிவிட்டது. போற்றுவோரும் தூற்றுவோரும் இவ்வகைப்பாட்டில் மட்டும் ஒன்றுபடுகின்றனர். இவ்வகைப்பாடு பிழையானது அன்று. ஆயினும் போதியது அன்று. அந்நாவலை அதற்கு முன்னர் எழுதப்படாது போன ஒரு நூலின் இடத்தில் வைத்து நோக்குதல் வேண்டும் என்பதே ஈண்டு முன்வைக்கப்படும் கருத்தாகும். எழுதப்படாது போன அந்நூல், ஈழத்துத் தமிழ் அடிமை ஒருவர் தம் வாயாற் கூறிய சரிதம்.

அடிமை முறை என்றவுடன் நம் மாணவர் நினைவுக்கு வருவன ஐக்கிய அமெரிக்காவின் பருத்தித் தோட்டங்களும் ஆபிரகாம் லிங்கனும் ‘தொம் மாமாவின் குடிசை’யுமே. மேடைகளில் மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி உணர்ச்சி ததும்பப் பேசுவோர், தமிழ்ச் சமுதாயத்தில் ஆளை ஆள் விலைக்கு வாங்கிய செய்தியைக் கேட்டால் வியப்படைவர். அவ்வியப்புக்குக் காரணம் சான்றின்மை அன்று. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தை நாம் பக்தி மேலீட்டாற் படிக்கின்றோம். அங்கே முதிய வேதியர் வடிவில் வந்த இறைவன் நம்பியாரூரரைத் தம் அடிமை எனக் கூறி ஆளோலை காட்டுகின்றார். ஆரூரர் அதனைப் பறித்துக் கிழிக்கின்றார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலை வெளிவருகின்றது. வழக்காறு, ஆவணம், சாட்சி எனும் மூன்றில் ஒன்றினால் வழக்கை நிறுவுக என்கின்றனர் அவையோர். அந்தணர் அந்தணருக்கு அடிமையாதல் உண்டோ என்பதே அங்கு எழுந்த ஐயம். மனிதர் மனிதருக்கு ஓலை எழுதி அடிமையாதல் உண்டோ என்று எவரும் ஐயுறவில்லை. ஒரு சமுதாயம் எதனைக் கண்டு வியக்கவில்லையோ, அதுவே அச்சமுதாயத்தின் இயல்பைக் காட்டும் சிறந்த சான்றாகும்.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை சான்று இன்னும் வெளிப்படையானது. ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என நால்வகையினர் அங்குச் சுட்டப்படுகின்றனர். தொகுப்பை முதலியார் பன்னிருவர் பார்வையிட்டு ஏற்றனர். 1806 இல் பிரித்தானியர் அதற்குச் சட்டவலு அளித்தனர். அத்தொகுப்பின் ஒரு விதி நம் கருத்தைப் பெரிதும் ஈர்ப்பது. வெவ்வேறு உடையாரைச் சேர்ந்த ஆணடிமையும் பெண்ணடிமையும் கூடி வாழ்ந்து பெற்ற பிள்ளைகள் தாயின் உடையாருக்கே உரியர் என்பது அது. அமெரிக்காவின் வேர்ஜீனியாக் குடியேற்றம் 1662 இல் இயற்றிய சட்டமும் பிள்ளை தாயின் நிலையையே எய்தும் என்றது. அங்கே வெள்ளையர் கறுப்பினப் பெண்களிடம் பெற்ற பிள்ளைகளையும் அடிமைகளாகவே வைத்திருக்க அவ்விதி துணைசெய்தது. இங்கே அது சீதனமாகப் பெண்வழிச் செல்லும் சொத்து முறையோடு இயைந்து நின்றது. நோக்கம் வேறு, கடல் வேறு. கருப்பை ஒன்றே கணக்கிற் கொள்ளப்பட்டது.

விடுதலை வந்த விதமும் ஒப்புநோக்கத் தக்கது. 1833 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டத்தினின்றும் இலங்கை விலக்கப்பட்டது. அதற்கு முன்னரே பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால், 1816 ஓகஸ்ட் 12 ஆம் நாள் முதற் பிறக்கும் பிள்ளைகளை விடுவிக்க அடிமை உடையார் பலர் இசைந்திருந்தனர். 1821 இல் கோவியர், நளவர், பள்ளர் அடிமைகளின் பெண்குழந்தைகளை அரசே விலைகொடுத்து மீட்க விதி செய்யப்பட்டது. பெண்குழந்தையை மீட்டால் அவள் வயிற்றுப் பிள்ளைகளும் மீள்வர் என்பதே அதன் கணக்கு. தேசவழமை விதியையே அதற்கெதிராகத் திருப்பிய செயல் அது. ஈற்றில் 1844 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அடிமை முறையை முற்றாக நீக்கியது. அமெரிக்காவில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் நிறைவேறியதோ 1865 இல். ஆகவே சட்ட அளவில் நாம் இருபத்தோராண்டு முந்தியவர்கள். இதனைப் பெருமையாகக் கூறிக்கொள்ளலாம். அடுத்து நிகழ்ந்ததைக் கூறாது விடுவதாயின்.

காணி இன்றி, கிணறு இன்றி, எழுத்து இன்றி வந்த விடுதலை, விடுதலைப் பத்திரமாக மட்டுமே நின்றது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் விடுபட்டோருக்கு நிலம் வழங்கத் தொடங்கிய ஏற்பாடு 1865 ஆம் ஆண்டு முடியுமுன்னரே கைவிடப்பட்டது. அங்கு நிறப்பிரிவினைச் சட்டங்கள் எழுந்தன. யாழ்ப்பாணத்தில் அத்தகைய சட்டங்கள் வேண்டியிருக்கவில்லை, வழக்கமே போதுமாயிருந்தது. தேநீர்க்கடையில் வேறு குவளை, பாடசாலையில் நிலத்தில் இருக்கை, கோயிலில் வெளிவீதி. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் 1960 இல் மாணவர் நால்வர் வெள்ளையருக்கான உணவுக்கடை இருக்கையில் அமர்ந்த செய்தியை உலகம் அறியும். சிறுபான்மைத் தமிழர் மகாசபையினர் ஐம்பதுகளில் யாழ்ப்பாணத் தேநீர்க்கடைகளைத் திறக்கச்செய்யப் போராடியமையை அறிந்தோர் சிலரே. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1966 ஒக்ரோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிஸ் தாக்குதலுக்குள்ளானது. அதனை அடுத்துத் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிற் போராட்டம் நிகழ்ந்தது. உள்ளே செல்வதைத் தடுத்து நின்ற முன்னாள் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கத்தின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. இவ்வியக்கத்தின் களத்தில் நின்றவர் டானியல். ‘பஞ்சமர்’ அக்களத்திலிருந்தே எழுந்தது.

இங்கேதான் நாம் முன்னர்க் குறிப்பிட்ட எழுதப்படாத நூலைப் பற்றி எண்ண வேண்டியுள்ளது. இலங்கையில் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்த மறுஆண்டில், 1845 இல், பிரெடெரிக் டக்ளஸ் தம் சரிதத்தை வெளியிட்டார். அடிமைக்கு எழுத்தறிவித்தல் தென்மாநிலங்கள் பலவற்றிற் குற்றமாயிருந்தும், அங்கே விடுபட்டோர் எழுதிய சரிதங்கள் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்தன. ஹரியற் ஜேக்கப்ஸ் என்னும் பெண் 1861 இல் தம் கதையை எழுதினார். பின்வந்த கறுப்பின நாவலுக்கு இவையே மூலவூற்று. நமக்கோ தேசவழமை உண்டு, சீதன ஓலை உண்டு, பதிவேடு உண்டு. அனைத்தும் உடையாரின் குரல்கள். அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் அச்சகங்கள் இயங்கின. கண்டனப் பிரசுரங்கள் குவிந்தன. சைவமும் கிறித்தவமும் ஏட்டிலும் மேடையிலும் பொருதன. அப்பெருஞ் சொற்போரில் விடுபட்ட அடிமையின் ஒரு வாக்கியமேனும் நமக்கு எட்டவில்லை. 1844 க்கும் 1972 க்கும் இடைப்பட்ட நூற்றிருபத்தெட்டு ஆண்டு மௌனத்தின் மறுகரையில் நின்று பேசுகின்றது டானியலின் நாவல்.

இந்நிலையில் வைத்து நோக்கின், அந்நாவலின் மீது சாட்டப்பட்ட குறைகள் சில வேறு பொருள் பெறுகின்றன. பாத்திரங்கள் மிகுதி, தனிமனித அகவுலகம் குறைவு, செய்தியும் நிகழ்ச்சியும் கலையை அமுக்குகின்றன என்பர். நாவல் என்ற அளவுகோலால் இவை நேரிய குற்றச்சாட்டுகளே. டானியலின் நடை பல இடங்களில் மேடைப்பேச்சாகின்றது என்பதை மறைப்பதிற் பயனில்லை. ஆயினும் சாட்சி கூறுபவன் பெயர்களை விடாது அடுக்குவான். தன் கூற்றை ஐயுறுவர் என்று அறிந்தவன் நிகழ்ச்சிகளைக் குறைக்கத் துணியான். டக்ளஸின் நூலிலும் இப்பண்பைக் காணலாம். அறுபதுகளில் முற்போக்கு எழுத்தாளரின் பேச்சுவழக்கை ‘இழிசனர் வழக்கு’ என ஒதுக்கிய மரபுவாதிகள், தம்மை அறியாமலே, அவ்வழக்கில் யார் பேசுகின்றார் என்பதைச் சரியாக இனங்கண்டிருந்தனர்.

தலைப்பும் சிந்திக்கற்பாலது. தேசவழமையின் நால்வரும் டானியலின் ஐவரும் ஒருவரல்லர். அடிமைகளாகச் சுட்டப்பட்ட கோவியர் பின்னர் படியேறித் தீண்டாமை எல்லைக்கு வெளியே சென்றனர். பள்ளரும் நளவரும் எல்லைக்குள்ளேயே நிறுத்தப்பட்டனர். தேசவழமை அடிமைகளெனக் குறியாத வண்ணார், அம்பட்டர், பறையர் ஆகியோரை அவ்விருவரோடு சேர்த்து ஐவராக்கிப் பேசுகின்றது நாவல். ஆகவே ‘பஞ்சமர்’ என்பது போராட்டத்தின் தேவை ஒன்றுசேர்த்த அணியின் பெயராகின்றது. பழைய இழிபெயரே அணிப்பெயராகி நிற்றல் உற்றுநோக்கத் தக்கது. ‘பிளாக்’ என்ற சொல்லை அமெரிக்கர் அறுபதுகளில் தலைநிமிர்ந்து ஏற்றமையும், அங்கிருந்து ‘பாந்தர்’ என்ற பெயரை 1972 இல் பம்பாயின் தலித் இளைஞர் எடுத்துக்கொண்டமையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கன. நாவல் வெளிவந்ததும் அதே ஆண்டிலேயே. ஒருவரை ஒருவர் அறிந்து செய்ததாகக் கொள்ள வேண்டியதில்லை.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில், களுதாவளை முதலிய ஊர்களில் இந்நாவலைப் படிப்போர் வழக்கமாகக் கூறும் மறுமொழி ஒன்றுண்டு: “அது யாழ்ப்பாணத்துக் கதை, நம்மிடம் அப்படி இல்லை.” இதில் ஓரளவு உண்மை உண்டு. தேசவழமை இங்குச் செல்லாது. இங்கு வழங்கிய முக்குவர் சட்டம் வேறு. தாய்வழிக் குடிமுறையும் நிலவுடைமையும் வேறு வகையின. தேநீர்க்கடைப் போரோ மாவிட்டபுரமோ இங்கு நிகழவில்லை. ஆயினும் எப். எக்ஸ். சி. நடராசா 1962 இற் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ நம் வீடுகளில் உள்ளது. கோயில் முறைமையையும் குலவிருதையும் பெருமையோடு படிக்கும் நாம், தொழிற்குலங்களைச் சுட்ட இப்பிரதேச மரபில் வழங்கும் ‘சிறை’, ‘சிறைக்குடி’ என்னும் சொற்களின் மீது கண் வைக்காது கடந்து செல்கின்றோம். சிறை என்பது யாது? யார் யாரைச் சிறைப்படுத்தினர்? திருவிழா உரிமை குடிகளுக்கும் ஊழியக் கடமை சிறைகளுக்கும் எனப் பங்கிடப்பட்ட முறைமையில், உரிமையையும் கடமையையும் ஒரே சொல்லால் ‘வரிசை’ என அழைப்பது அழகிய சொல்லாட்சி; அழகு யார் பக்கம் நின்று பார்த்தால் தெரிகின்றது என்பதே கேள்வி. மட்டக்களப்பு நகரப் பறங்கியர் இன்றும் ஆடும் கபரிஞ்ஞாவின் பெயரே போர்த்துக்கேயர் கொணர்ந்த ஆபிரிக்கரை நினைவூட்டுகின்றது. அதனையும் கலைவிழாவிற் கைதட்டி அனுப்பிவிடுகின்றோம்.

இனி நாவலின் மெய்யான குறை யாதென்று கூறவேண்டும். டானியலின் கண் தேநீர்க்கடை, கோயில் வாசல், பொதுக்கிணறு என்னும் பொதுவிடங்களில் நிலைகொள்கின்றது. அவ்விடங்களிற் போராட்டத்தை நடத்துவோர் பெரும்பாலும் ஆடவர். பெண்கள் மீதான கொடுமை நாவலில் இடம்பெறாமல் இல்லை. ஆனால் அது உடையாரின் குற்றத்துக்குச் சான்றாகவே வருகின்றது, பெண்ணின் அனுபவமாக விரிவதில்லை. தாய்வழியே அடிமைத்தனம் இறங்கிய ஒரு சமுதாயத்தின் கதையில் இது சிறுகுறை அன்று. ரொனி மொரிசன் 1987 இல் வெளியிட்ட ‘பிலவ்ட்’ நாவலில், தன் பிள்ளை மீண்டும் அடிமையாதலைப் பொறாத தாய் அதனைத் தன் கையாற் கொல்கின்றாள். 1856 இல் மார்கரெட் கார்னர் என்னும் பெண்ணுக்கு நேர்ந்ததே அதன் மூலம். வேர்ஜீனியாவின் பழைய விதி ஒரு தாயின் உள்ளத்துள் என்ன செய்தது என்பதை அந்நாவல் முந்நூறாண்டுக்குப் பின் எழுதிக்காட்டியது. தேசவழமையின் அவ்விதி இங்குள்ள ஒரு தாயின் உள்ளத்துள் என்ன செய்தது என்பதை டானியல் எழுதவில்லை. 1821 இல் அரசு விலைகொடுத்து மீட்ட பெண்குழந்தை, இன்னும் மீளாத தன் தாயின் அருகே வளர்ந்த அவ்வீட்டின் கதை தமிழில் எழுதப்படாமலே கிடக்கின்றது.